வீட்டுக் கடன் தவணை கட்ட முடியவில்லையா? வீடு கைவிட்டுப் போகுமுன் இருக்கும் வழிகள்

சிங்கப்பூரில் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் தொண்டூழியராக உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கடிதம் எழுதித் தருவது என் வாராந்தர வேலை. ஒரு நாள் இரவு, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு அண்ணன் வந்தார். கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் ஏழு கடிதங்கள், ஆறு பிரிக்கப்படவே இல்லை. "பிரிச்சுப் பார்த்தா வீடு போயிடுச்சுன்னு இருக்குமோன்னு பயம் தம்பி" என்றார்.

ஒவ்வொன்றாகப் பிரித்தோம். வீடு எங்கும் போய்விடவில்லை. நிலுவை 2,520 வெள்ளி, அதற்கு மேல் தாமதக் கட்டணம், அவ்வளவுதான். இந்தத் தொகைக்காக அந்த மனிதர் மூன்று மாதம் தூங்கவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. அவரைப் போல இன்னொருவர் தவிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கடன் பாக்கி 250,000 வெள்ளி, இன்னும் 15 ஆண்டு இருக்கிறது, வட்டி 2.6 விழுக்காடு. மாதத் தவணை ஏறக்குறைய 1,679 வெள்ளி. அண்ணனுக்கு 44 வயது, சம்பளம் 4,000. மனைவிக்கு 2,800. 35 வயதுக்கு மேல் 45 வரை, சம்பளத்தில் சுமார் 21 விழுக்காடு, கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியில் (மசேநி) வீட்டுக்குப் பயன்படுத்தக்கூடிய சாதாரணக் கணக்கில் விழும். அவருக்கு 840, மனைவிக்கு 588, இரண்டும் சேர்ந்து 1,428. மீதி 251 வெள்ளியைக் கையிலிருந்து கட்டிவந்தார்கள். மாதாமாதம் அதிகம் யோசிக்காமலே வீட்டுக் கடன் கழிந்துகொண்டிருந்தது.

ஆட்குறைப்பில் அவர் வேலை போனது. சம்பளம் நின்றால் மசேநி சந்தாவும் நிற்கும். அந்த 840 வெள்ளி அப்படியே காணாமல் போயிற்று. சாதாரணக் கணக்கில் இருந்த 4,200 வெள்ளி ஐந்து மாதம் தாங்கியது. ஆறாவது மாதத்திலிருந்து மாதம் 840 குறைந்தது. மூன்று மாதத்தில் 2,520.

நம் ஊரில் வீட்டுக் கடன் சிக்கல் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. வேலை போன மாதத்தில் ஒன்றும் தெரியாது, சேமநிதி இழுத்துக்கொண்டு போகும். அது வற்றுகிற மாதத்தில்தான் கடிதம் வரும். அதனால் வேலை போன வாரமே சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்) வழி மசேநி கணக்கில் நுழைந்து, சாதாரணக் கணக்கின் இருப்பைக் குறைகிற தொகையால் வகுத்துப் பாருங்கள். எத்தனை மாதம் தாங்கும் என்பது தெரிந்துவிடும். அவ்வளவு நாள் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

கடன் யாரிடம்?

அடுத்து தெரிய வேண்டியது, கடன் கொடுத்தது வீவகவா (அரசாங்க வீடுகளைக் கட்டித் தரும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), வங்கியா என்பது. வீவக வீட்டில் இருப்பதாலேயே வீவக கடன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வீடு வீவகவுடையது, கடன் வங்கியுடையது என்று இருக்கலாம். கூட்டுரிமை வீடு (கொண்டோ), தரைவீடு போன்ற தனியார் வீடு என்றால் கடன் வங்கிகளிடமோ நிதி நிறுவனங்களிடமோதான் இருக்கும்.

வீவக கடனின் வட்டி மசேநி சாதாரணக் கணக்கு வட்டியைவிட 0.1 விழுக்காட்டுப் புள்ளி கூடுதல். அங்கே 2.5, அதனால் இங்கே 2.6. பல ஆண்டுகளாக இது அசையவில்லை. வங்கி வட்டி சந்தையோடு ஏறி இறங்கும். 2022 இறுதியில் உள்ளூர் வங்கிகளின் நிலையான வட்டியே 4 விழுக்காட்டைத் தாண்டியது. 400,000 வெள்ளியை 25 ஆண்டுக்கு எடுத்தால் 1.3 விழுக்காட்டில் தவணை சுமார் 1,562 வெள்ளி, 4 விழுக்காட்டில் சுமார் 2,111. வேலை போகாமலே, யாரும் நோய்வாய்ப்படாமலே ஒரு குடும்பம் மாதம் ஐந்நூறு வெள்ளிக்கு மேல் திணறியது இப்படித்தான்.

வீவக கடனிலிருந்து வங்கிக்கு மாறலாம். மாறியவர்கள் திரும்பி வீவக கடனுக்கு வர முடியாது. வருமானம் ஆட்டம் காண்கிற நேரத்தில் வட்டி குறைவு என்று வங்கிக்கு ஓட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தள்ளாடும் குடும்பத்துக்கு அந்த அரை, ஒரு விழுக்காட்டைவிட வீவக கிளை அலுவலகத்தின் பொறுமை பெரிது.

"வீவக வீட்டை யாரும் எடுக்க முடியாது"

தேக்கா காப்பிக் கடையில் இந்த வாக்கியத்தைக் கேட்காத நாள் இல்லை. பாதி உண்மை. கடன் அட்டை பாக்கி, தனிநபர் கடன், நண்பரிடம் வாங்கிய கைமாற்று இவற்றுக்காக யாரும் உங்கள் வீவக வீட்டை எடுக்க முடியாது. திவாலானால்கூட, உரிமையாளர்களில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால் சட்டம் அந்த வீட்டைக் காக்கிறது. மசேநி பணத்துக்கும் அதே காப்பு உண்டு. கூட்டுரிமை வீட்டுக்கு இந்தக் காப்பு கிடையாது.

மீதிப் பாதிதான் ஆபத்து. அந்த வீட்டையே அடமானமாக வைத்து வாங்கிய கடனைக் கட்டாவிட்டால், கடன் கொடுத்தவருக்கு வீட்டின் மேல் உரிமை உண்டு. வீவக கடன் என்றால், எல்லா முயற்சியும் தோற்ற பிறகு கடைசி வழியாக வீவக வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வங்கிக் கடன் என்றால், வங்கி அடமான உரிமையைக் கொண்டு வீட்டை விற்கும், பெரும்பாலும் ஏலத்தில். முதலில் நினைவூட்டல், பிறகு கோரிக்கைக் கடிதம், பிறகு வழக்கறிஞர் கடிதம் என்று படிப்படியாக வரும். வழக்கறிஞர் செலவும் உங்கள் கணக்கிலேயே ஏறும்.

ஏலத்தில் வந்த பணம் கடனுக்குப் போதாவிட்டால் மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்ற சட்டம் இங்கே இல்லை. 2002 செப்டம்பருக்குப் பிறகு எடுத்த வங்கிக் கடன்களில், விற்ற பணத்தில் முதலில் வங்கி எடுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகே உங்கள் மசேநிக்குத் திரும்பும். அதாவது கடைசி வரை காத்திருந்தால் கரைவது உங்கள் முதுமைக்கால சேமிப்பும்தான்.

என்னென்ன கேட்கலாம்?

வீவகவிடம் கேட்கக்கூடியவை பல. தவணையைச் சில மாதம் ஒத்திப்போடுவது, கொஞ்ச காலத்துக்குக் குறைத்துக் கட்டுவது, நிலுவையைச் சிறு சிறு தொகையாகப் பிரித்துக் கட்டுவது, கடன் காலத்தை நீட்டுவது. உங்கள் நிலைமையைப் பார்த்து ஒன்றையோ இரண்டையோ தருவார்கள். கிளை அலுவலகத்தில் நிதி ஆலோசனையும் உண்டு.

கடன் காலத்தை நீட்டுவதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலோருக்கு நிலையான நிம்மதி தருவது இதுதான். அண்ணனின் 250,000 வெள்ளிப் பாக்கியை 15 ஆண்டுக்குப் பதில் 20 ஆண்டில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தவணை 1,679லிருந்து 1,337 வெள்ளியாக இறங்கும். மாதம் 342 வெள்ளி மிச்சம். அதற்கு விலை உண்டு. 15 ஆண்டில் கட்டும் மொத்த வட்டி சுமார் 52,200 வெள்ளி, 20 ஆண்டில் சுமார் 70,900. கூடுதலாக 18,700 வெள்ளி போகும். சும்மா கிடைக்கும் சலுகை இல்லை இது. ஆனாலும் வீட்டைக் காக்க இந்த விலை கொடுக்கலாம் என்றே சொல்வேன். நிலைமை தேறியதும் கூடுதலாகக் கட்டி அந்த வட்டியைக் குறைத்துக்கொள்ள வீவக கடனில் இடம் உண்டு. வயதுதான் தடை. பொதுவாகக் கடன் 65 வயதுக்குள் முடிய வேண்டும். அண்ணனுக்கு 44, அதனால் 20 ஆண்டு சரியாகப் பொருந்தியது. 58 வயதுக்காரருக்கு நீட்ட அதிக இடம் இருக்காது.

ஒத்திப்போடுவதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தவணை நிற்கும், வட்டி நிற்காது. இதே பாக்கிக்கு ஆறு மாதம் ஒன்றும் கட்டாமல் இருந்தால் ஏறத்தாழ 3,270 வெள்ளி வட்டி கடனோடு சேரும். புது வேலை கிடைக்கும் தேதி தெரிந்தவருக்கு, அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்புகிறவருக்கு இது பொருத்தமானது. எப்போது வேலை கிடைக்கும் என்றே தெரியாதவர் இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

வேலை பார்க்கும் மகனையோ மகளையோ கூட்டு உரிமையாளராகச் சேர்த்து, அவர்கள் மசேநியிலிருந்து தவணை கட்டவும் வீவகவிடம் கேட்கலாம். நம் குடும்பங்களில் பிள்ளைகள் "நான் கட்டுறேன்மா" என்று உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். போடுமுன் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பிள்ளை நாளை கல்யாணம் செய்து தனக்கென்று வீடு வாங்கப் போகும்போது, ஏற்கெனவே ஒரு வீட்டில் பெயர் இருப்பது குறுக்கே நிற்கும்.

அறை வாடகை இன்னொரு வழி. மூவறை அல்லது அதைவிடப் பெரிய வீடு என்றால் படுக்கையறையை வாடகைக்கு விடலாம். வீவக ஒப்புதல் வாங்க வேண்டும், ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதமாவது இருக்க வேண்டும். சமையலறையை அந்நியரோடு பகிர்வது எளிதல்ல, அம்மாமார்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் இரண்டு ஆண்டு பொறுத்துக்கொண்டு வீட்டைக் காத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வங்கிக் கடன் வைத்திருப்பவர்கள் வங்கியிடமே பேச வேண்டும். கடன் காலத்தை நீட்டக் கேட்கலாம், சில மாதம் வட்டி மட்டும் கட்டக் கேட்கலாம், அதே வங்கியின் வேறு வட்டித் திட்டத்துக்கு மாறக் கேட்கலாம். வேறு வங்கிக்கு மாறுவது வேலை இருக்கும்போது நடக்கும் காரியம். வருமானமே இல்லாதவரை புது வங்கி எடுக்காது. சம்பளச் சீட்டு வந்துகொண்டிருக்கும்போதே, பூட்டுக்காலம் (கடனை மாற்றினால் அபராதம் விழும் காலம்) முடிந்திருக்கிறதா என்று பார்த்து இதைச் செய்துகொள்ள வேண்டும். தவணை தவறினால், கடன் கட்டிய வரலாற்றைச் சேர்த்துவைக்கும் கிரெடிட் பியூரோவின் பதிவிலும் ஏறிவிடும், பிறகு எந்தக் கதவும் லேசில் திறக்காது.

பலர் இன்னும் என்னிடம் கேட்பது, "கொவிட் சமயத்தில் கொடுத்தார்களே, அந்தச் சலுகை?" 2020 ஏப்ரலிலிருந்து அந்த ஆண்டு இறுதிவரை வங்கித் தவணையை ஒத்திப்போட சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகளும் வழிவிட்டன. 2021இல் தவணையில் 60 விழுக்காட்டை மட்டும் கட்டும் ஏற்பாடும் இருந்தது. அவை முடிந்துவிட்டன. இப்போது எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கும் சலுகை இல்லை. ஒவ்வொருவரும் தம் கணக்கை எடுத்துக்கொண்டு போய்த் தாமே கேட்க வேண்டும்.

செய்யவே கூடாத ஒன்று

வீட்டுத் தவணை கட்டுவதற்காக வட்டிக்கடைக்குப் போகாதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரரே மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். வீவக கடன் ஆண்டுக்கு 2.6. ஆண்டுக்கு 2.6 விழுக்காட்டுக் கடனை அடைக்க மாதம் 4 விழுக்காட்டில் வாங்குவது, கசிகிற குழாயை அடைக்கச் சுவரை இடிப்பதற்குச் சமம். வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ கடன் தருகிறேன் என்று வருகிறவர் உரிமம் பெற்றவரே இல்லை, அது கடன் முதலை. அந்த எண்ணுக்குப் பதில்கூடப் போட வேண்டாம்.

கடன் அட்டைப் பாக்கியும் சேர்ந்து கழுத்தை நெரித்தால் கிரெடிட் கவுன்செலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம் இருக்கிறது. பல வங்கிகளில் கிடக்கும் அட்டைக் கடன்களை ஒரே தவணையாக்க அவர்கள் வங்கிகளோடு பேசித் தருவார்கள். அடமானக் கடன் அதில் சேராது. ஆனால் அட்டைக்குப் போகிற பணம் குறைந்தால் வீட்டுக்குக் கட்டக் கையில் காசு நிற்கும்.

தவணைக்கு மேல் சாப்பாடு, பள்ளிச் செலவு, மின்கட்டணமும் இடித்தால் பேட்டையிலுள்ள சமூகச் சேவை அலுவலகத்தில் காம்கேர் என்னும் அரசாங்க நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து, தாமாக விலகாமல் வேலை இழந்த, சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்போகாத குடிமக்களுக்கு, வேலை தேடிக்கொண்டிருக்கும்வரை ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டமும் உண்டு. முதல் மாதம் கிடைப்பது 1,500 வரை. சம்பளச் சீட்டில் மாதாமாதம் சிண்டாவுக்குப் பணம் போகிறதே, இந்தியர்களுக்கான சுய உதவி அமைப்பான அந்தச் சிண்டாவின் குடும்பச் சேவைப் பிரிவையும் மறக்க வேண்டாம். தமிழில் பேசலாம்.

ஆட்குறைப்புத் தொகை வந்தால், அதை அப்படியே வீட்டுக் கடனில் கொட்டிவிட வேண்டாம். கடன் குறையும், ஆனால் போட்ட பணம் திரும்ப வராது. வேலை இல்லாத மாதங்களில் கையில் காசு வேண்டும். வீவக கடன் எடுப்பவர்கள் சாதாரணக் கணக்கில் ஆளுக்கு 20,000 வெள்ளி வரை விட்டுவைக்கலாம் என்ற விதி இதற்காகவே இருக்கிறது. அண்ணன் வீடு வாங்கும்போது அதையும் துடைத்துப் போட்டிருந்தார். அது இருந்திருந்தால் மாதம் 840 வீதம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு தாங்கியிருக்கும்.

சாதாரணக் கணக்கு காலியாகும்போது இன்னொன்றும் சத்தமில்லாமல் ஆபத்தில் விழும். கடன் வாங்கியவர் இறந்தாலோ நிரந்தரமாகச் செயலிழந்தாலோ பாக்கியை அடைக்கும் வீட்டுப் பாதுகாப்புத் திட்டம் என்ற காப்புறுதியின் சந்தாவும் அந்தக் கணக்கிலிருந்துதான் பிடிக்கப்படுகிறது. பணம் இல்லாவிட்டால் காப்புறுதி அறுந்துபோகலாம். ரொக்கமாகக் கட்டியாவது அதை உயிரோடு வைத்திருங்கள். வேலை போனதற்கு அந்தக் காப்புறுதி பணம் தராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

விற்பதுதான் வழி என்றால்

சில சமயம் கணக்கு எப்படிப் போட்டாலும் வராது. அப்போது நாமே விற்று, சிறிய வீட்டுக்குப் போவது நல்லது. ஏலத்தில் போவதைவிட நாம் நிதானமாக விற்றால் விலை கூடுதல், செலவு குறைவு. விற்ற பணத்தில் முதலில் கடன் பாக்கி போகும். பிறகு வீட்டுக்காக மசேநியிலிருந்து எடுத்த பணமும், அது அங்கேயே இருந்திருந்தால் சேர்ந்திருக்கும் 2.5 விழுக்காட்டு வட்டியும் உங்கள் மசேநிக்கே திரும்பும். மீதிதான் கைக்கு வரும், அதிலும் முகவர் தரகு, வழக்கறிஞர் செலவு. சந்தை விலைக்கு விற்றும் மசேநிக்குத் திருப்ப முழுதாகப் போதவில்லை என்றால், கைக்காசு போட்டு நிரப்ப வேண்டியதில்லை.

இந்தியக் குடும்பங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இன ஒருங்கிணைப்புக் கொள்கை. 1989 முதல் ஒவ்வொரு புளோக்குக்கும் பேட்டைக்கும் இன வரம்பு இருக்கிறது. உங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால், சீனக் குடும்பத்துக்கு நீங்கள் விற்க முடியாது. வாங்குகிறவர் எண்ணிக்கை சுருங்கும், விலையும் இறங்கும், மாதங்கள் ஓடும். அவசரத்தில் விற்கிறவருக்கு இது பெரிய அடி. எவ்வளவோ முயன்றும் விற்க முடியாமல் தவிப்பவர்களிடமிருந்து வீட்டைத் திரும்ப வாங்க 2022 முதல் வீவக வழி வைத்திருக்கிறது, நிலைமையைப் பொறுத்து முடிவு செய்வார்கள். உங்கள் புளோக்கின் வரம்பை வீவக இணையத்தளத்தில் இன்றே பார்த்துவிடலாம். வாங்குகிறவர் கிடைத்த பிறகும் விண்ணப்பத்தை வீவக ஏற்றதிலிருந்து சாவி கைமாற இரண்டு மாதம் ஆகும். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் (பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்தாண்டு) முடியாதவர்கள் முதலில் வீவகவிடம் விதிவிலக்கு கேட்க வேண்டும்.

அண்ணனுக்கு அன்று நான் எழுதிக் கொடுத்தது அரைப் பக்கக் கடிதம். வேலை போன தேதி, மனைவியின் சம்பளம், சாதாரணக் கணக்கில் இருப்பு பூஜ்யம், இரண்டு பிள்ளைகள், 2,520 வெள்ளி நிலுவை. அதைவிட முக்கியமானது, அவர் மனைவியோடு கிளை அலுவலகத்துக்கு நேரில் போனது. ஆட்குறைப்புக் கடிதம், இருவரின் மசேநி கணக்கறிக்கை, மனைவியின் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம், பிரித்த ஏழு கடிதங்கள், எல்லாம் ஒரே உறையில். முதல் நாள் இரவு சாப்பாட்டு மேசையில் இருவரும் உட்கார்ந்து அரிசியிலிருந்து பேருந்துக் கட்டணம் வரை எழுதி ஒரு தொகைக்கு வந்தார்கள். முகப்பில் அக்காதான் பேசினாராம். "மாசம் 900 வெள்ளி எங்களால தவறாம கட்ட முடியும். அவருக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் இதை ஏத்துக்குங்க, பாக்கியைப் பிரிச்சுப் போட்டுக் கொடுங்க." அந்த அதிகாரி கணினியைத் தன் பக்கம் திருப்பி 900 என்று தட்டினார், அங்கிருந்து பேச்சு தொடங்கியது.